வீட்டுக்குக் கம்பளி விரிப்பு வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கம்பளங்களைக் கழுவிப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். எங்களிடம் வரும் விரிப்புகளின் குறைகள் பெரும்பாலும் பயன்பாட்டில் வந்தவை அல்ல. வாங்கிய நாளிலேயே உடன் வந்தவை. கடையில் மேற்புறத்தின் அழகை மட்டும் பார்த்து வாங்கியவர்களே மிகுதியாக வருந்துகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"சென்னை வெக்கையில கம்பளி விரிப்பு எதுக்குங்க? காலெல்லாம் வேர்க்காதா?"

கம்பளி என்றதும் குளிர்காலப் போர்வை நினைவுக்கு வருவதால் எழும் ஐயம் இது. போர்வை உடலை மூடி அதன் சூட்டை வெளியேறவிடாமல் தடுக்கிறது. விரிப்போ தரையில் கிடக்கிறது; அதன்மேல் படுவது உள்ளங்காலும் உட்காரும் இடமும் மட்டுமே. ஆட்டு மயிர் தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. அதனால் வியர்த்த காலுக்கு, பிளாஸ்டிக் இழையான பாலிப்ரொப்பிலீன் விரிப்பைவிடக் கம்பளி பிசுபிசுப்பில்லாமல் இருக்கும்.

ஆனால் எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. தரைத்தளத்தில், சுவரில் ஓதம் ஏறும் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு நான் கம்பளி விரிப்பைப் பரிந்துரைப்பதில்லை. மேலே இருக்கும் கம்பளி தாங்கினாலும், பெரும்பாலான விரிப்புகளில் அதன் அடியில் ஓடும் பருத்தி நூல் ஓதத்தில் மக்கிவிடும். அத்தகைய வீட்டுக்குக் கோரைப்பாயோ துவைத்துக் காயவைக்கக்கூடிய ஜமக்காளமோ போதும்.

"கடைக்காரர் ப்யூர் உல்னு சொல்றார். நெசமா கம்பளிதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

மேலே நிற்கும் இழையிலிருந்து, கடையில் 'பைல்' என்பார்களே, அதிலிருந்து ஒரு சிறு நூலைக் கேட்டு வாங்கி, ஒரு தட்டின்மேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளியாக இருந்தால் சுருங்கிப் பொசுங்கும், தலைமயிர் கருகும் நாற்றம் வரும், தீயை விலக்கியதும் தானே அணையும், மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் தூளாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாக உறையும். பருத்தியும், மரக்கூழிலிருந்து எடுக்கும் விஸ்கோஸும் காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். நல்ல பொருளை விற்பவர் ஒரு நூலைத் தர மறுப்பதில்லை.

உண்மைக் கம்பளியிலும் தரம் உண்டு. உயிருள்ள ஆட்டிலிருந்து கத்தரித்த மயிரில் இயற்கையான நெய்ப்பசை கொஞ்சம் தங்கியிருக்கும். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தால் துள்ளி நிமிரும். தோல் பதனிடும் இடங்களில் சுண்ணாம்பு போட்டு உரித்தெடுத்த மயிரோ வறண்டு, முறியும் தன்மையோடு இருக்கும். சுண்ணாம்பின் காரம் மயிரின் வலுவைத் தின்றுவிடுவதே காரணம். எரித்துப் பார்க்கும் சோதனையில் இரண்டும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும் என்பதால் இங்கே கையைத்தான் நம்ப வேண்டும்.

"ஹேண்ட் நாட்டட், ஹேண்ட் டஃப்டட்னு ரெண்டு சொல்றாங்க. ரெண்டும் கையால பண்ணதுதானே, விலை மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?"

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்பவர்கள் இதைப் படிக்கட்டும். ஹேண்ட் நாட்டட் என்னும் முடிச்சுக் கம்பளத்தில், தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல்களில் நெசவாளர் ஒவ்வொரு கம்பளி நூலையும் தனித்தனியாகச் சுற்றி முடிச்சிட்டு வெட்டுகிறார். ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கே ஊடை நூலை ஓட்டி, இரும்புச் சீப்பால் அடித்து இறுக்குகிறார். கம்பளி நூல் துணியின் உடலோடு உடலாகப் பிணைந்திருப்பதால் அது கழன்று வர வழியில்லை. டஃப்டட் விரிப்பில், சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்தி நிரப்புகிறார்கள். அந்த நூலைப் பிடித்து வைப்பது முடிச்சன்று. பின்புறம் பூசும் லேட்டக்ஸ் என்னும் ரப்பர்ப் பசை. பசையை மறைக்க அதன்மேல் இன்னொரு துணியை ஒட்டிவிடுவார்கள்.

ஆகவே கடையில் முதலில் செய்ய வேண்டியது விரிப்பைத் திருப்பிப் பார்ப்பது. மேற்புறத்துச் சித்திரம் பின்புறத்திலும் அப்படியே தெரிந்து, ஒவ்வொரு முடிச்சும் சிறு மணிபோல் புலப்பட்டால் அது முடிச்சுக் கம்பளம். வெற்றுத் துணி மூடியிருந்தால் டஃப்டட். பின்புறத்திலும் சித்திரம் தெரிகிறது, ஆனால் வரிசைகள் அச்சில் வார்த்தது போல் ஒரு பிசகும் இல்லாமல் இருக்கின்றன என்றால் பெரும்பாலும் இயந்திர நெசவு. ஓரத்துக் குஞ்சத்தையும் பாருங்கள்: முடிச்சுக் கம்பளத்தில் குஞ்சம் என்பது பாவு நூலின் நீட்சி, மற்றவற்றில் அது பெரும்பாலும் தனியே தைத்து ஒட்டியது.

டஃப்டட் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு ஓர் அறையை அழகுபடுத்த விரும்பும் வாடகை வீட்டுக்காரருக்கு அது நியாயமான தேர்வே. அதன் லேட்டக்ஸ் நம் ஊர்ச் சூட்டில் காலப்போக்கில் உலர்ந்து, தரையில் வெள்ளைப் பொடியாகக் கொட்டும், நாற்றமும் எடுக்கும் என்பதை அறிந்து, அதற்குரிய விலையைத் தர வேண்டும். முடிச்சுக் கம்பளத்தின் விலையைக் கொடுத்து டஃப்டட் விரிப்பை வாங்கி வந்தவர்களிடம் அதைச் சொல்ல நேரும்போதுதான் எனக்கு மனம் வலிக்கிறது.

"பவானி ஜமக்காளம் மாதிரி மெல்லிசா, கம்பளியில கிடைக்குமா?"

கிடைக்கும். ஜமக்காளத்தைப் போலவே பாவும் ஊடையும் மட்டுமாக, மேல் இழை இல்லாமல் நெய்த கம்பளி விரிப்புகளை வடக்கே துர்ரி என்றும், மேற்காசிய மரபில் கிலிம் என்றும் அழைப்பார்கள். பவானியில் நெய்வது பெரும்பாலும் பருத்தியும் செயற்கைப் பட்டும். தட்டை நெசவு என்ற அளவில்தான் இரண்டும் உறவு.

புழுக்கம் மிகுந்த ஊர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தத் தட்டை நெசவைத்தான். எடை குறைவு, தனியொருவராகவே சுருட்டி எடுக்கலாம், தூசு தங்க ஆழம் இல்லை, இரண்டு பக்கமும் பயன்படுத்தலாம். மெத்தென்ற சுகம் மட்டும் இராது.

"ஹாலுக்கு எந்த சைஸ் வாங்கணும்?"

பெரும்பாலானோர் தேவைக்குச் சிறியதையே வாங்குகிறார்கள். சோபாவின் முன்கால்களாவது விரிப்பின்மேல் நிற்க வேண்டும். நடுவில் தீவுபோல் கிடக்கும் சிறு விரிப்பு அறையைச் சிறுத்துக் காட்டுவதோடு, ஓரம் காலில் தட்டித் தடுமாறவும் வைக்கும். நடுத்தரக் கூடத்துக்கு 5க்கு 8 அடி அல்லது 6க்கு 9 அடி பொருந்தும். சாப்பாட்டு மேசைக்கு அடியில் என்றால், நாற்காலியைப் பின்னால் இழுத்தாலும் அதன் கால் விரிப்பைவிட்டு இறங்காதபடி மேசையின் நான்கு பக்கமும் 2 அடிக்குமேல் மிச்சம் வேண்டும். ஆனால் சாம்பாரும் ரசமும் பரிமாறும் மேசைக்கு அடியில் கம்பளி விரிப்பே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

வாங்கும் முன் பழைய செய்தித்தாள்களை அந்த அளவுக்குத் தரையில் பரப்பி இரண்டு நாள் வைத்து நடமாடிப் பாருங்கள். கதவு திறக்கும்போது அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள்.

"9/60 குவாலிட்டினு பில்லுல போட்டிருக்கு. அப்படின்னா என்ன? முடிச்சு அதிகமா இருந்தா நல்லதுதானே?"

இது உத்தரப்பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் வட்டாரத்தில் வழங்கும் கணக்கு. முதல் எண், அகலவாக்கில் ஓர் அங்குலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குள் இருக்கும் முடிச்சுகள். இரண்டாவது, நீளவாக்கில் நான்கரை அங்குலத்துக்குள் இருக்கும் முடிச்சுகள். எனவே 9/60 என்பது அங்குலத்துக்கு அகலத்தில் 10, நீளத்தில் 13க்குச் சற்று மேல். பெருக்கினால் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 133 முடிச்சுகள். இதே முறையில் 5/40 என்பது 50க்குச் சற்றுக் குறைவு. பின்புறத்தில் அளவுகோலை வைத்து நீங்களே எண்ணிச் சரிபார்க்கலாம்.

6க்கு 9 அடி விரிப்பு 9/60 தரத்தில் இருந்தால் அதில் பத்து இலட்சத்துக்கு மேல் முடிச்சுகள் இருக்கின்றன. நாளொன்றுக்கு 8,000 முடிச்சு போடும் கை, தனியாகக் கட்டினால் நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். விலையில் பெரும்பகுதி இந்த உழைப்புக்கே உரியது.

ஆனால் முடிச்சு கூடினால் தரம் கூடும் என்பது பாதி உண்மைதான். பூவும் கொடியும் நுணுக்கமாக ஓடும் சித்திரத்துக்கு நெருக்கமான முடிச்சு வேண்டும். பெரிய வடிவங்கள் கொண்ட தடித்த நூல் விரிப்புக்குத் தேவையில்லை. நெருக்கம் குறைந்த, ஆனால் நல்ல கம்பளியாலான விரிப்பு, நெருக்கமாக முடிந்த வறண்ட கம்பளி விரிப்பைவிட நீண்டகாலம் உழைப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டை ஒப்பிடும்போது மட்டும் முடிச்சை எண்ணுங்கள்.

"காஷ்மீர் கார்ப்பெட்தான் ஒஸ்தின்னு எல்லாரும் சொல்றாங்களே?"

காஷ்மீரக் கம்பளங்கள் மிக நுண்ணிய முடிச்சுக்குப் பெயர் பெற்றவை. சித்திரத்தைத் 'தாலிம்' என்னும் குறியீட்டு எழுத்தில் எழுதி, அதைப் படித்துச் சொல்லச் சொல்ல நெய்யும் மரபு அங்கே இன்றும் இருக்கிறது. பட்டு கலந்த நுண்ணிய விரிப்புகள் அங்கே மிகுதி என்பதால், அன்றாடம் பலர் நடமாடும் கூடத்தைவிட அமைதியான அறைக்கே அவை ஏற்றவை. புழக்கம் மிகுந்த இடத்துக்குப் பதோஹி வட்டாரத்துக் கம்பளி விரிப்பு தாக்குப்பிடிக்கும். பதோஹியின் கையால் செய்த கம்பளத்துக்கு 2010இலும், காஷ்மீரத்தின் கை முடிச்சுக் கம்பளத்துக்கு 2016இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. காஷ்மீரக் கம்பளம் என்று பெரும் விலை சொன்னால் அந்தச் சான்றைக் கேட்டுப் பெறுங்கள். அருகிலேயே ஆந்திரத்தின் ஏலூரிலும் கம்பளி முடிச்சு நெசவு மரபு உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரிவதில்லை.

"வாங்கி ஒரு மாசம்தான் ஆச்சு, பெருக்கினா உருண்டை உருண்டையா முடி வருது. ஏமாந்துட்டேனா?"

பெரும்பாலும் இல்லை. நூற்ற கம்பளி நூலில் குட்டையான இழைகள் இருக்கும். மேல் இழையை வெட்டும்போது அவை பிடிப்பிழந்து, நடக்க நடக்க வெளியே வரும். முதல் சில மாதங்களில் இது படிப்படியாகக் குறைய வேண்டும். குறையாமல் தொடர்ந்தால் மேலே சொன்ன சுண்ணாம்பு உரித்த மயிரோ, பிடிப்பிழந்த லேட்டக்ஸோ காரணமாக இருக்கலாம். நீட்டிக்கொண்டிருக்கும் நூலை ஒருபோதும் இழுக்காதீர்கள். கத்தரிக்கோலால் மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள்.

"கடையில பார்த்த கலர் வீட்டுல வேறயா இருக்கு. மாத்தி அனுப்பிட்டாங்களா?"

விரிப்பின் எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். மேல் இழை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால், சாயும் திசையில் பார்த்தால் வெளிறியும் எதிர்த்திசையில் பார்த்தால் அடர்ந்தும் தெரியும். விரிப்பைத் தலைமாற்றிப் போட்டாலே பலருக்குச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது.

"எங்க வீட்டுல தினமும் தரை துடைப்போம். விரிப்பை என்ன பண்றது?"

எங்கள் பட்டறைக்கு வரும் விரிப்புகளில் நான் மிக அதிகமாகக் காண்பது, நான்கு ஓரங்களிலும் விரற்கடை அகலத்துக்கு ஓடும் கருத்த பட்டை. விரிப்பை எடுக்காமல் அதன் விளிம்பு வரை ஈரத் துடைப்பத்தை ஓட்டுவதால், அழுக்கு நீரும் பினாயிலும் ஓரத்து நூலில் ஏறி ஊறிவிடுகின்றன. துடைக்கும் முன் சுருட்டி எடுத்துவிட்டு, தரை முற்றிலும் உலர்ந்த பிறகே விரிக்க வேண்டும். டைல்ஸ் தரை கண்ணுக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும் இணைப்புகளில் ஈரம் நிற்கும். கையால் தொட்டுப் பாருங்கள். நாள்தோறும் சுருட்ட இயலாது என்பவர்களுக்குத்தான் முன்னர் சொன்ன தட்டை நெசவு.

வழுக்காமல் இருக்க அடியில் போடும் விரிப்புத்தாள், ஃபெல்ட் அல்லது இயற்கை ரப்பராக இருக்கட்டும். பிவிசி வகை தரையில் ஒட்டிக் கறை விடக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் வாரம் ஒருமுறை விரிப்பைத் தூக்கி அடிப்புறத்துக்குக் காற்றுப்பட விடுங்கள்.

"சாம்பார் கொட்டிடுச்சு. சோப்புப் போட்டுத் தேய்ச்சேன், செவப்பா ஆயிடுச்சு!"

சாம்பாரில் உள்ள மஞ்சள், சோப்பு, சுண்ணாம்பு போன்றவற்றின் காரத்தன்மை (அல்கலி) பட்டால் சிவக்கும். மஞ்சளோடு இத்தகைய காரப்பொருளைச் சேர்த்துக் குங்குமம் செய்யும்போது நடப்பதும் இதுவே. துணி சோப்பும் சலவைத்தூளும் காரமானவை என்பதால் கறையைச் சிவக்க வைப்பதோடு கம்பளியையும் கெடுக்கும். குளோரின் கலந்த வெளுப்பான்களோ கம்பளியையே கரைத்துவிடும். அவற்றை அருகில் கொண்டுவரவே கூடாது.

கொட்டியதும் பருப்பையும் காயையும் கரண்டியால் அள்ளிவிட்டு, வெள்ளைப் பருத்தித் துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு குளிர்ந்த நீரில் சிறிது வினிகர் கலந்து, மூலையில் சாயம் போகிறதா என்று சோதித்துவிட்டு, அதில் நனைத்த துணியால் மீண்டும் ஒற்றுங்கள். எஞ்சும் மஞ்சள் நிறம் வெளிச்சத்தில் மங்கும் இயல்புடையது; கறைபட்ட இடத்தை மட்டும் சில நாள் இளவெயிலில் காட்டினால் பெரும்பகுதி மறையும். மஞ்சள் கம்பளிக்கே சாயமாகப் பிடிக்கக்கூடியது என்பதால், வெளிர் நிற விரிப்பில் பழைய கறையை முழுமையாக எடுத்துத் தருவதாக நான் எவருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

"சோபாவுக்கு அடியில மட்டும் வட்டவட்டமா முடி போயிருக்கு. எலியா?"

எலி அன்று, அந்துப்பூச்சியின் புழு, அல்லது கம்பள வண்டின் புழு. பறக்கும் பூச்சி கம்பளியைத் தின்பதில்லை. அது இடும் முட்டையிலிருந்து வரும் புழுதான் மயிரிலுள்ள கெரட்டின் புரதத்தைத் தின்கிறது. இருளும் அசைவின்மையும் அதற்குப் பிடித்தவை. அதனால்தான் நாள்தோறும் மிதிபடும் நடுப்பகுதி தப்பி, சோபாவின் அடிப்பகுதி மொட்டையாகிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை விரிப்பைத் திருப்பிப் போட்டு, இரு பக்கமும் வேக்குவம் செய்து, ஓரிரு மணி நேரம் அடிப்புறத்தை வெயிலில் காட்டினால் இதைத் தடுக்கலாம். வேக்குவத்தில் சுழலும் தூரிகையை நிறுத்திவிட்டு உறிஞ்சுதலை மட்டும் பயன்படுத்துங்கள், குஞ்சத்தின்மேல் ஓட்டாதீர்கள்.

அந்துருண்டை போடலாமா என்று உடனே கேட்பார்கள். மூடிய பெட்டியில் வைத்திருக்கும் விரிப்புக்குப் பயன்படும். ஆனால் கைக்குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம்: ஜி6பிடி என்னும் நொதி குறைந்த குழந்தைகளுக்கு அதன் ஆவி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

"பையனுக்கு வீசிங் இருக்கு. கம்பளி ஆகுமா?"

வீசிங்குக்குக் காரணம் தூசியில் வாழும் நுண்சிலந்திகள் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளை தூங்கும் அறையில் எந்த இழையாலான தடித்த விரிப்பும் வேண்டாம். அந்தச் சிலந்திகள் ஈரக்காற்றில் பெருகுபவை. கடற்கரை ஊர்கள் அவற்றுக்கு மிகவும் உகந்தவை. விற்பவர் சொல்லும் உறுதிமொழியைவிட மருத்துவரின் சொல்லே இதில் முடிவு.

"பேம்பூ சில்க் கலந்ததுன்னு பளபளன்னு இருக்கு, விலையும் குறைவு. வாங்கலாமா?"

மூங்கில் பட்டு, ஆர்ட் சில்க் என்ற பெயர்களில் விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ். மரக்கூழிலிருந்து எடுக்கும் இந்த இழை நனைந்தால் வலுவிழக்கும், காய்ந்தபின் விறைத்து மஞ்சளாகும். ஒரு தம்ளர் தண்ணீர் கொட்டினாலே தழும்பு நிற்கும் விரிப்பை, ஆட்கள் புழங்கும் வீட்டில் எங்கே போடுவது? எரித்துப் பார்க்கும் சோதனை இதை உடனே காட்டிக்கொடுக்கும்.

"குழந்தைங்களை வச்சு நெய்றாங்கன்னு கேள்விப்பட்டேன். எப்படித் தெரிஞ்சுக்கறது?"

கேட்க வேண்டிய கேள்வி. இந்தியக் கம்பளத் தறிகளில் குழந்தைகள் கொத்தடிமைகளாக வேலை செய்தது உண்மை. அதற்கு எதிராகப் போராடிய கைலாஷ் சத்தியார்த்தி முன்னின்று 1994இல் தொடங்கப்பட்ட ரக்மார்க் முத்திரை, இப்போது குட்வீவ் என்ற பெயரில் வழங்குகிறது. தறிகளை முன்னறிவிப்பின்றிச் சோதித்து, எண் இட்ட முத்திரையை விரிப்பின் பின்புறத்தில் ஒட்டுகிறார்கள். திருப்பிப் பார்க்கும்போது அதையும் தேடுங்கள். முத்திரை இல்லாவிட்டால், எந்த ஊரில், யாருடைய தறியில் நெய்தது என்று கேளுங்கள். அதற்கு விடை சொல்ல முடியாத கடையில் நான் வாங்கமாட்டேன்.

"பழைய கம்பளம் ஒண்ணு மலிவா வருது. பார்க்க நல்லாத்தான் இருக்கு. எடுக்கலாமா?"

முடிச்சுக் கம்பளமாக இருந்தால் மட்டும் மேலே யோசியுங்கள். பழைய டஃப்டட் விரிப்பு எந்த விலையிலும் இழப்பே. முதலில் ஓரிடத்தை மடித்துக் காதருகே பிடித்து மெல்ல அழுத்துங்கள். அப்பளம் நொறுங்குவது போன்ற ஓசை கேட்டால் உள்ளே பாவு நூல் மக்கிவிட்டது. அதைச் சீர்செய்ய இயலாது. அடுத்து, ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்பும் நீலமும் உள்ள இடங்களில் அழுத்தி ஒற்றுங்கள். நிறம் ஏறினால், சாயம் நிற்காதது, அல்லது மொட்டையான இடத்தை மைபூசி மறைத்திருக்கிறார்கள். வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தால் ஓட்டையும் இழை மெலிந்த இடமும் தெரியும்.

ஓரம் பிரிந்திருப்பது, குஞ்சம் தேய்ந்திருப்பது, சிறு பூச்சி அரிப்பு ஆகியவை தேர்ந்த கை சரிசெய்யக்கூடியவை. அந்தச் செலவை விலையோடு கூட்டிப் பாருங்கள். வாங்கிவிட்டால் நேரே வீட்டுக்குள் விரிக்காமல், முதலில் கழுவக் கொடுத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்து முட்டைகள் அதனோடு வந்து, வீட்டிலுள்ள பட்டுப்புடவைகளுக்கும் பரவக்கூடும்.